கோலிக்குண்டு நின்ற இடம்

குளியலறை ஒன்றை இடித்துக் கட்டப் பத்து நாள் போதும் என்பது, இந்த நாட்டில் படித்தவர், படிக்காதவர், ஆத்திகர், நாத்திகர் எல்லோரும் பேதமில்லாமல் நம்புகிற ஒரே பொய். பூமி தட்டை என்று நம்பியவர்களையாவது மன்னிக்கலாம். அவர்கள் மேலே போய்ப் பார்க்க வழியில்லை. குளியலறை அப்படியல்ல. அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. "பத்து நாள்னு சொன்னியேப்பா, இன்னும் கமோடே வரலையே" என்றீர்கள். அந்த மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பத்து நாள் என்று அவர் சொன்னது நீங்கள் கேட்க விரும்பியதால். அவருக்கே தெரியும் அது நடக்காதென்று.

நன்றாக உட்காருங்கள். முனையில் உட்கார்ந்தால் வடமதுரை வளைவில் விழுந்துவிடுவீர்கள். அந்தத் துண்டை மட்டும் இப்படிக் கொடுங்கள். என்னுடையதுதான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகப் போட்டு இரண்டு பேருக்கு இடம் பிடித்தேன். என் மனைவி வருவதாக இருந்தது. வரவில்லை. வேறொன்றும் இல்லை, அடுத்த முறை வருவாள். நீங்கள் திருச்சி வரைக்குமா? நல்லது. சொல்ல நேரம் இருக்கிறது. இது மணப்பாறை ஊருக்குள் போய்வருகிற வண்டி வேறு.

என் பெயர் தாயுமானவன். உறையூரில் வீடு. ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் புத்தகம் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை பார்த்த காலமெல்லாம் என் வேலை. இதைச் சொன்னால் சிலர் இது ஒரு வேலையா என்பார்கள். ஒரு புத்தகத்தை ஒரு தட்டு தள்ளி வைத்துப் பாருங்கள். அது இருந்தும் இல்லாததுதான். அப்புறம் யாருக்கும் கிடைக்காது.

குளியலறைக்கு வருகிறேன். அதற்கு ஆகும் காலத்தில் மூன்று வகை உண்டு. ஆள் வேலை செய்கிற காலம் ஒன்று. ஆள் வேலை செய்யாமல் டீ குடிக்கிற காலம் இன்னொன்று. எல்லோரும் இந்த இரண்டையும்தான் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு மேஸ்திரியோடு சண்டை போடுகிறார்கள். மூன்றாவது, சிமெண்ட் தன் பாட்டுக்கு இறுகுகிற காலம். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. மொகஞ்சதாரோவில் ஒரு பெரிய குளம் கட்டியிருக்கிறார்கள், படம் பார்த்திருப்பீர்கள். செங்கல்லை அடுக்கி, தண்ணீர் கசியாமலிருக்கத் தார் பூசி. நாலாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் நிற்கிறது. அதைக் கட்டியவனிடம் போய் யாராவது, "தீபாவளிக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லியிருப்பார்களா?

என்னிடம் சொன்னார்கள். அதுதான் கதை.

போன ஆனி மாசம் லோகா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். லோகா என் மனைவி, லோகாம்பாள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம். வீடு கட்டியபோது போட்ட சிவப்புச் சிமெண்ட் தரை, வழவழத்துப் போனது. பல வருஷமாகவே, "இந்தத் தரைய மாத்துங்க, என்னிக்காவது விழுந்து வெக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். மாற்ற மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த டைல்ஸ் வழுக்காது என்று படித்துக்கொண்டிருந்தேன். அது பார்த்தவுடன் எடுக்கிற முடிவல்ல.

விழுந்ததும் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்டது. எதிர் வீட்டுக் குரல் என்று நினைத்து, வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டு எழுந்து போனேன். அரைப் பக்கம்தான் பாக்கி. போய்ப் பார்த்தால் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. அரைப் பக்கம் முன்னால் போயிருந்தாலும் முறிந்தது முறிந்ததுதானே? எலும்பு டாக்டரிடமே கேட்டேன். அவரும் ஆமாம் என்றார். லோகாவை வைத்துக்கொண்டுதான் கேட்டேன், அவளுக்கும் தெளிவாக இருக்கட்டும் என்று. அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையில் கட்டு. முழங்கால் ஏற்கெனவே மடங்காது. ஆகவே தரை, வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் தங்கை செண்பகம் திண்டுக்கல்லிலிருந்து வந்து அழைத்துப் போனாள். "அத்தான், நீங்க நிதானமா வேலையப் பாருங்க, அக்கா எங்கூட இருக்கட்டும்" என்றாள். கிளம்பும்போது லோகா, "பாத்ரூம் முடிஞ்சதும் சொல்லுங்க, வந்துடறேன்" என்றாள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வருகிறேன் என்றது அவள். நான் கேட்கவில்லை.

செண்பகத்தின் கணவர் மாசிலாமணி, எனக்குச் சகலை. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். எந்த வேலையானாலும் "முடிச்சு விட்ருவோம்ணே" என்றுதான் ஆரம்பிப்பார். முடித்தும் விடுவார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

எங்கள் மேஸ்திரி அருளப்பன். நல்ல வேலைக்காரர். ஆடியில் கூப்பிட்டேன். "ஆடியில யாரும் வேலை தொடங்க மாட்டாங்க சார்" என்றார். "அதனாலதான் நீங்க சும்மா இருக்கீங்க. தொடங்குங்க" என்றேன். தொடங்கினார். ஒரே நாளில் எல்லாவற்றையும் உடைத்துவிட்டார். உடைப்பது மட்டும் எப்போதும் சொன்ன நேரத்தில் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா?

அப்புறம் எனக்குக் குளிக்க இடம் வேண்டுமே. எதிர் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள், "நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கங்க சார்" என்றார்கள். நினைத்துக்கொண்டேன். தினமும் வாளியும் துண்டுமாகப் போவேன். முதலில் காபி கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் காபி நின்றது. அப்புறம் அவர்களே கண்ணில் படவில்லை, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளறையில் இருந்துகொண்டார்கள். கார்த்திகையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். பையனுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்றார்கள். அதன் பிறகு எனக்கு பஸ் ஸ்டாண்டு கட்டணக் குளியலறைதான். அங்கே தரை வாட்டம் மிகவும் மோசம்.

வாட்டம் என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இதைச் செய்தார்களா? செய்திருக்க மாட்டார்கள். பத்து நாள் என்றாரே, எப்படிச் செய்வார்? தளத்தைப் பள்ளமாக்கி, கசியாத பூச்சு பூசி, அது காய்ந்த பிறகு அதில் தண்ணீரைக் கட்டி நிறுத்த வேண்டும். மட்டம் இறங்கினால் கசிகிறது என்று அர்த்தம். டைல்ஸ் போட்ட பிறகு தெரிந்து பிரயோஜனமில்லை. அருளப்பன், "ஒரு நாள் நிக்கட்டும் சார், போதும்" என்றார். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு நிறுத்தினேன். மறுநாள் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்குக் கீழே.

"வெயிலுக்கு ஆவியாயிருக்கும் சார்."

"இருக்கும் என்பது யூகம், மேஸ்திரி. யூகத்தின் மேல் டைல்ஸ் ஒட்ட முடியாது."

பக்கத்திலேயே ஒரு பித்தளை அண்டாவில் தண்ணீர் நிறைத்து, அதிலும் கோடு போட்டேன். அண்டா கசியாது. இரண்டிலும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. தளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. சுத்தமான சோதனை. அருளப்பன் அண்டாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சார், இது பாத்ரூமு. கோயில் தெப்பக்குளம் இல்ல" என்றார். தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அப்புறம் தினமும் வருவதை விட்டுவிட்டார்.

சோதனை நடந்துகொண்டிருக்கும்போது டெங்குவுக்காகக் கொசுப் புழு பார்க்கிற அம்மாக்கள் இரண்டு பேர் வந்தார்கள். தளத்திலும் மொண்டு பார்த்தார்கள், அண்டாவிலும் மொண்டு பார்த்தார்கள். இரண்டிலும் புழு. அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவில். "என்னா சார், ஆசையா வளக்குறீங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி. நான் ஆவியாதலைப் பற்றி விளக்கினேன். இன்னொருத்தி அதற்குள் வாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். தளத்தில் இருந்ததை மொண்டு தெருவில் கொட்டி, அண்டாவையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இதைப் போனில் லோகாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எந்த அண்டா?" என்றாள்.

"உங்க அம்மா சீருக்குக் குடுத்தாங்களே, அது."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

ஆக, தளம் கசியவில்லை என்று நிரூபணமாக ஆவணி, புரட்டாசி இரண்டும் போயின. அதற்கப்புறம் அருளப்பன் வேகமாகத்தான் செய்தார். குறை சொல்ல மாட்டேன். டைல்ஸ் ஒட்டி, கமோடு வைத்து, குழாய் மாட்டி, தீபாவளிக்கு முன்னால் எல்லாம் ஆகிவிட்டது. டைல்ஸுக்கு இடையில் இருக்கிற சந்தை அடைக்க வேண்டும், கம்பி மாட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. "அம்மாவ வரச் சொல்லுங்க சார், தீபாவளி எண்ணெய்க் குளியல் புது பாத்ரூம்லதான்" என்றார். அவரே போனை வாங்கி லோகாவிடமும் சொன்னார்.

வந்தாள். கைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். செண்பகமும் சகலையும் கூடவே வந்தார்கள், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதற்கு. லோகா பையைக்கூட உள்ளே வைக்கவில்லை, நேராகப் போய் பாத்ரூம் வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தாள். ஒரு காலை ஊன்றி, அப்புறம் இன்னொரு காலை ஊன்றி, இரண்டு காலாலும் அழுத்தி நின்று பார்த்தாள். தரையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றச் சொல்லி, அதன் மேலும் நின்றாள்.

"வழுக்கல" என்றாள். பிறகு சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம் என்று சகலை பிற்பாடு சொன்னார். அவர் விட்டிருப்பார். அவர் சுபாவம் அது. வாட்டம் பார்க்காமல் நான் எப்படி விடுவது?

இப்போது வாட்டம். குளியலறைத் தரை பார்வைக்குத் தட்டையாக இருக்கும், ஆனால் தட்டையாக இருக்கக் கூடாது. தண்ணீர் போகும் துளையை நோக்கி எல்லா மூலையிலிருந்தும் லேசாகச் சரிந்து வர வேண்டும். அந்தச் சரிவுக்குத்தான் வாட்டம் என்று பெயர். கண்ணால் பார்த்துத் தெரியாது. நான் ஒரு கோலிக்குண்டு வைத்திருந்தேன். மூலையில் வைத்தால், வாட்டம் சரியாக இருந்தால், தானாக உருண்டு துளைக்கு வர வேண்டும். எல்லோரும் நிற்கும்போதே வைத்துக் காட்டினேன். மூன்று மூலையிலிருந்து வந்தது. நாலாவது மூலையில் வைத்தேன். கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது.

"அது சந்துல நிக்குது சார்," என்றார் அருளப்பன். "சந்த அடைச்சதும் ஓடிரும். தண்ணி ஊத்திப் பாருங்க, போகுதா இல்லையா?"

ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் போனது உண்மை. ஆனால் தண்ணீர் எப்படியும் போகும், அதற்கு விவேகம் கிடையாது. கோலிக்குண்டு அப்படியல்ல. மறுபடி வைத்தேன். அதே இடத்தில் நின்றது.

"குளிக்கப் போறது நானா, கோலிக்குண்டா?" என்று கேட்டாள் லோகா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கேள்விதான். சிரித்து முடித்ததும், அந்த மூலையை எடுத்துவிடச் சொன்னேன்.

அருளப்பன் லோகாவைப் பார்த்தார். லோகா என்னைப் பார்த்தாள். "தீபாவளி முடியட்டுங்க. எண்ணெய் தேச்சு ஒரு தண்ணி ஊத்திக்கறேன். அப்புறம் உடைங்க" என்றாள். சரியில்லாத தரையில் குளித்துவிட்டு அப்புறம் சரி செய்வதில் என்ன தர்க்கம் இருக்கிறது? அவளுக்காகத்தானே இத்தனையும்? எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூலையை உடைத்தபோது பக்கத்து டைல்ஸ் விரிசல் விட்டது. அதையும் எடுத்தோம். கடைக்கு ஆள் அனுப்பினால் அந்த நிறம் தீர்ந்துவிட்டது, வேறு சரக்குதான் வரும் என்றார்கள். ஒரே தரையில் இரண்டு நிறம் இருக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் எடுத்தோம். லோகா கூடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடைக்கிற சத்தத்தில் செண்பகம் ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. சகலைக்குக் கேட்டது, அவர் போய் வண்டி நேரம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். நான்தான் பஸ் ஸ்டாண்டு வரை போய், துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தேன். இந்தத் தீபாவளிக் குளியல் அவளுக்கு அங்கே. செண்பகம் எண்ணெய் தேய்த்துவிட்டாளாம்.

இல்லை, சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. எனக்குச் சண்டை போடத் தெரியாது. அவள் பேசுவதை நிறுத்திக்கொள்வாள்.

மணப்பாறை வந்துவிட்டது. இருங்கள், முறுக்கு வாங்கிக்கொள்கிறேன். ஏம்மா, ரெண்டு பாக்கெட். இந்தாருங்கள், ஒன்று உங்களுக்கு. எப்போதும் இரண்டாகத்தான் வாங்குவேன். அவளுக்குப் பல் இப்போது அவ்வளவு சரியில்லை, ஆனாலும் இந்த முறுக்கை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சாப்பிடுவாள்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? அதற்கப்புறம் மழை. மழையில் எதுவும் காயாது, காயாததை அவசரப்படுத்திக் காய வைக்கவும் முடியாது. அருளப்பனுக்கு வேறு இடத்தில் வேலை வந்துவிட்டது, கிடைத்த நாளில் வருவார். நான் மாசம் ஒரு தடவை திண்டுக்கல் போய் லோகாவைப் பார்த்துவிட்டு வருவேன். போகும்போது ஏதாவது எடுத்து வரச் சொல்லுவாள். கார்த்திகையில் ஸ்வெட்டர் கேட்டாள், சிறுமலைக் காற்று அங்கே குளிருமாம். மார்கழியில் காபி ஃபில்டர். செண்பகம் வீட்டு ஃபில்டரில் டிகாஷன் சரியாக இறங்கவில்லை என்றாள். பொங்கலுக்குப் போனபோது அஞ்சறைப் பெட்டி. கடுகு, வெந்தயம் இருந்தபடியே கொட்டாமல் கொண்டுபோனேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். இப்போது தையல் மிஷின். செண்பகம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள், லோகாவும் சேர்ந்துகொண்டாளாம். மணிக்கட்டுக்கு நல்ல பயிற்சி. டாக்டரும் கையை அசைக்கத்தானே சொன்னார்?

நூலகத்தில் ஒரே ஆள் தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால், திருப்பித் தருவது எப்போது என்று ஒரு கட்டத்தில் கேட்போம். வீட்டில் அப்படிக் கேட்பதில்லை. அவள் பொருள்தானே.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? முறுக்கு காரமாக இருக்கிறதா?

போன வாரம் முடிந்தது. பாத்ரூமைச் சொல்கிறேன். உண்மையாகவே முடிந்தது. நாலு மூலையிலிருந்தும் கோலிக்குண்டு உருண்டு துளைக்கு வருகிறது. நீங்கள் எப்போதாவது உறையூர்ப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். சந்தெல்லாம் அடைத்தாயிற்று. கமோடு உயரம் அவள் முழங்காலுக்குத் தகுந்தது. கம்பியும் மாட்டியாயிற்று. கம்பி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு அவள் முழங்கை உயரம் தெரிய வேண்டும். ஆள் ஊரில் இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் பீரோ கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் அப்படியே இருக்கின்றன. படுக்கப் போகும்போது எடுத்துக் கண்ணுக்கு நேராக ஒட்டுவாள். அந்த வரிசைதான் அவள் கண் உயரம். கண் உயரம் தெரிந்தால் முழங்கை உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம், அதற்குப் புத்தகம் இருக்கிறது. அந்தப் பொட்டுகளுக்குக் கீழே டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அருளப்பன், "சார், ஒரு போன் போட்டு அம்மாவக் கேட்டாலே சொல்லிருவாங்களே" என்றார். போனில் சொல்கிற அளவை நம்ப முடியாது என்றேன்.

நான் இன்னும் அதில் குளிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போய்வருகிறேன். முதலில் அவள் குளிக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கதவைத் திறந்து பார்ப்பேன். காய்ந்து, சுத்தமாக இருக்கும். பார்த்துவிட்டுச் சாத்திவிடுவேன்.

இன்றைக்குக் காலையில் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறவன் மிஷினை எதற்குக் கொண்டுபோகிறான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் போனில் சொன்னேன், "பாத்ரூம்தான் முடிஞ்சிருச்சே" என்று. "மிஷின எடுத்துட்டு வாங்க" என்றாள். எடுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

சகலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மிஷினை வாங்கிக்கொண்டார். வீட்டில் லோகா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஜாக்கெட்டில் ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போகிற வரை நானும் காத்திருந்தேன்.

"முடிஞ்சிருச்சு" என்றேன்.

"அப்படியா," என்றாள். "நல்லது. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

கை கழுவ அவர்கள் பாத்ரூமுக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு கம்பி. போன தடவை போனபோதும் இருந்திருக்கும், நான் கவனிக்கவில்லை. கம்பியில் லோகாவின் துண்டு தொங்கியது. ஜன்னலில் அவள் சோப்பு, அவள் மஞ்சள். கண்ணாடியில் பொட்டுகள், ஒரு வரிசை. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும், இதோ இதுதான், நடுவில் குமிழி ஓடுகிறது பாருங்கள். கம்பி மேல் வைத்தேன். குமிழி இடது பக்கம் போய்விட்டது. கம்பி சாய்ந்திருக்கிறது. நன்றாகவே சாய்ந்திருக்கிறது.

வெளியே வந்து சொன்னேன். சகலை சிரித்தார். "அது தீபாவளியன்னிக்கு மாட்டுனதுண்ணே. ட்ரில்ல எரவல் வாங்கியாந்து, ஒரு டீ குடிக்கிற நேரத்துல போட்டது. மதினி கைக்கு எட்டுதான்னு மட்டும்தான் பாத்தேன்."

"சாய்ந்திருக்கிறது, மாசிலாமணி."

"சாஞ்சிருக்கட்டுங்க," என்றாள் லோகா. "புடிச்சா நிக்குதுல்ல."

சாப்பிட்டோம். அவள்தான் பரிமாறினாள். வத்தக்குழம்பு, எங்கள் வீட்டு ருசி, அஞ்சறைப் பெட்டி அங்கேதானே இருக்கிறது. சாப்பிட்டதும் நான் டேப்பை எடுத்தேன். வந்தது வந்தாயிற்று, அளவைச் சரிபார்த்துவிடலாமே? கதவு ஓரமாக நிற்கச் சொன்னேன். மறுக்காமல் நின்றாள். கையை மடக்கச் சொன்னேன், மடக்கினாள். இந்த வருஷம் அவள் அவ்வளவு பக்கத்தில் நின்றது அப்போதுதான். அளந்தேன். நான் மாட்டியிருக்கிற கம்பி இரண்டு விரல் உயரம். பொட்டைக் கொஞ்சம் எட்டித்தான் ஒட்டியிருக்கிறாள் போலிருக்கிறது.

"என்ன?" என்றாள்.

"இரண்டு விரல் கூடுதல்."

"அப்ப அதக் கழட்டணுமா?"

"கழற்றினால் டைல்ஸில் ஓட்டை தெரியும். அந்த டைல்ஸை எடுக்க வேண்டும்."

"அதுக்கு எவ்வளவு நாளாகுங்க?"

இத்தனை மாசத்தில் அவள் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொன்னேனே, மூன்று வகைக் காலம், அதையெல்லாம் அவளுக்கும் விளக்கினேன். ஆள் வேலை செய்கிற காலம், செய்யாத காலம், சிமெண்ட் இறுகுகிற காலம். நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். அவள் எப்போதும் நன்றாகக் கேட்பாள், உங்களைப் போல. செண்பகம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு லோகா, "சரிங்க. நிதானமா செய்யுங்க" என்றாள். பங்குனி உத்திரத்துக்குள் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் நிறைய இருக்கிறதாம். அதுவும் நியாயம்தான்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து செருகியிருக்கும். அதில் எங்கள் வீட்டு வாசல் சாவியும் உண்டு. அதை எடுத்து, அந்த ஒரு சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றினாள். இடது கையில் இன்னும் பிடி சரியாக வரவில்லை, வளையத்தைப் பிரிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேஸ்திரிகிட்ட குடுத்து வைங்க," என்றாள். "அவர் வர போக வசதியா இருக்கும்."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ரசமட்டத்தோடு உரசியது. அதன் கண்ணாடியில் கீறல் விழும் என்று இந்தப் பக்கத்துப் பைக்கு மாற்றினேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது இந்த வண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. கூட்டமாக இருந்ததால் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டேன், இரண்டு பேருக்கு.